பத்தொம்பது வயசு மேயரும் ஒண்ணாம் நம்பரும் – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

நான் மால்டால ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வேலை பாக்குறேன். போன மாசம் நீங்க 'இளைஞர் அணித் தலைவருக்கே அம்பது வயசு'ன்னு கிண்டலா எழுதிருந்தீங்க இல்ல, அதப் படிச்சதுலேர்ந்து இத எழுதணும்னு இருந்தேன். இங்க இயன் போர்க்னு ஒருத்தர் இருக்காரு. 19 வயசுல மேயர், 31 வயசுல மந்திரி, 38 வயசுல துணைப் பிரதமர். என்கூட வேலை பாக்குற மால்டீஸ்காரர் ஒருத்தர் 'வேலை நடக்கணும்னா அவர்தான்'ங்கறாரு, இன்னொருத்தர் அவர் பேரக் கேட்டாலே முகத்தத் திருப்பிக்கறாரு. சின்ன வயசுல ஒருத்தர் இவ்ளோ மேல வர முடியுதுன்னா அது நல்ல சிஸ்டம்னுதானே அர்த்தம்? இல்ல நாடு சின்னதா இருக்கறதால யார் வேணா வரலாமா? ரோடு போட்டுட்டு இருந்தவர வெளியுறவுத் துறைக்கு மாத்தினது ப்ரமோஷனா, ஓரங்கட்டினதா? அப்புறம் கோசோ தீவுக்கு கடலுக்கடியில சுரங்கப்பாதை வரப்போகுதுன்னு எங்க ஓனர் எப்பப் பாத்தாலும் சொல்லிட்டே இருக்காரு, அது நெஜமாவே வருமா?

– மால்டாவிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

உங்க கூட வேலை பாக்குற ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்றாங்கன்னு நெனைக்கிறேன். இவர் 'வேலை நடக்கும்'னு சொல்றதும் அவர் முகத்தத் திருப்பறதும் ஒரே காரணத்துக்காகத்தான். அந்தக் காரணம் இயன் போர்க்கோட குணத்துல இருக்கறதவிட உங்க நாட்டு ஓட்டுச்சீட்டுல ஜாஸ்தி இருக்கு. (உங்க நாடுன்னு சொல்லிட்டேன், நீங்க அங்க ஓட்டுப் போட முடியாதுன்னு தெரியும், அதுக்கும் பின்னாடி வர்றேன்.)

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா படிக்கற மத்தவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை அஞ்சரை லட்சம் சொச்சம். 1964ல சுதந்திரம், 2004ல ஐரோப்பிய யூனியன். ரெண்டே கட்சி, லேபரும் நேஷனலிஸ்ட்டும், 1960கள்லேர்ந்து பார்லிமென்ட்ல இவங்க ரெண்டு பேரத் தவிர வேற கட்சி சொந்தமா நின்னு ஜெயிச்சு உள்ள வந்ததே இல்ல. ஒவ்வொரு கட்சிக்கும் சொந்தமா டிவி சேனல், ஊருக்கு ஊர் கட்சி கிளப்பு, அங்க பியர் குடிக்கறதுலேர்ந்து கல்யாணப் பேச்சு வரைக்கும் நடக்கும். லேபர் சிவப்பு, நேஷனலிஸ்ட் நீலம், வீட்டுல அப்பா சிவப்புன்னா புள்ளையும் சிவப்பு, நீலம்னா நீலம். ஓட்டுப் பதிவு 2013ல 93 சதவீதம்! கட்டாய ஓட்டும் கிடையாது, தானா வந்து போடறாங்க. 2022ல அது 85ஆ கொறஞ்சதுக்கே அந்த ஊர்ல என்னமோ ஆகிப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்க, நமக்கெல்லாம் 85ங்கறது கொண்டாடற விஷயம்.

இப்ப ஓட்டுச்சீட்டுக்கு வர்றேன். 13 தொகுதி, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு எம்பி. ஓட்டர் ஒரு பேருக்கு எதிர்ல 1ன்னு எழுதுவாரு, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3, இப்படி இஷ்டத்துக்கு எழுதிட்டே போகலாம். ஒருத்தர் ஜெயிக்கறதுக்குத் தேவையானதவிட ஜாஸ்தி ஓட்டு வாங்கிட்டா மிச்சம் அடுத்த நம்பருக்குப் போகும், கடைசியா வர்றவர வெளிய தள்ளிட்டு அவரோட சீட்டையும் அடுத்த நம்பருக்கு மாத்துவாங்க, அஞ்சு பேர் தேறுற வரைக்கும் எண்ணுவாங்க. 1921லேர்ந்தே இதுதான் முறை. நாட்டோட பிரதான சபைக்கு இந்த முறையில தேர்தல் நடத்தறது உலகத்துலயே அயர்லாந்தும் மால்டாவும் மட்டும்தான். (இந்த முறையில கோளாறும் நடந்துருக்கு, 1981ல நேஷனலிஸ்ட்டுக்குப் பாதிக்கு மேல ஓட்டு விழுந்தும் சீட்டு லேபருக்கு ஜாஸ்தி போய் நாடே கொதிச்சுது, அப்புறம் 1987ல அரசியல் சட்டத்தத் திருத்தி அதச் சரி பண்ணாங்க. அது தனிக் கதை.)

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா ஒரு தொகுதியில ஒரு கட்சி அஞ்சு இடத்துக்கு அஞ்சு பேர நிறுத்தறதில்ல, அதுக்கு மேலயே நிறுத்துவாங்க. அப்ப உங்க நெஜமான எதிரி யாரு? எதிர்க்கட்சிக்காரன் ஓட்டு எப்படியும் உங்களுக்கு வரப்போறதில்ல, அது பரம்பரையா அங்கதான் விழும். உங்க போட்டி உங்க கட்சியிலயே உங்க பக்கத்துல சிரிச்சிட்டு நிக்கறவரோடதான். அவருக்குப் போகவேண்டிய ஒண்ணாம் நம்பர் உங்களுக்கு வரணும். ஒரு தொகுதிக்கு சராசரியா இருபத்தேழாயிரம் ஓட்டர், அதாவது நம்ம சென்னை கார்ப்பரேஷன்ல ஒரு வார்டு அளவுக்குத்தான். அதுல நாலாயிரம் ஓட்டு பக்கம் தேறினா எம்பி. நாலாயிரம் ஓட்டுன்னா எத்தன வீடு, யோசிச்சுப் பாருங்க. கட்சிக் கொள்கையச் சொல்லி அந்த ஓட்ட வாங்க முடியாது, ஏன்னா பக்கத்துல நிக்கறவரும் அதே கொள்கைதான். வீடு வீடா போகணும், யாரோட அம்மாவுக்கு ஆபரேஷன், யாரோட பையனுக்கு வேலை, யாரோட சுவத்துக்கு பர்மிட் வரலைன்னு தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சா பத்தாது முடிச்சும் குடுத்துருக்கணும். ஓட்டுச்சீட்டுல கட்சிக்குள்ள பேரெல்லாம் அகரவரிசையில வர்றதால ஏ, பி-ல பேர் ஆரம்பிக்கறவங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்னு ஒரு பேச்சும் உண்டு. போர்க்குக்கு அதுவும் அமைஞ்சுருக்கு, ஆனா மால்டால போர்க்னு பேரு நம்மூர் முருகன் மாதிரி, எங்க திரும்பினாலும் ஒருத்தர் இருப்பாரு. 2025ல நேஷனலிஸ்ட் கட்சிக்குத் தலைவரா வந்த அலெக்ஸ் போர்க்குக்கு அப்ப வயசு முப்பதுதான், அவரும் போர்க்தான்.

இப்ப இந்த இடத்துல பத்தொம்பது வயசுப் பையன வெச்சுப் பாருங்க. இயன் போர்க் பொறந்தது 1986. 2005ல டிங்லி ஊருக்கு மேயர். டிங்லின்னா தீவோட மேக்கு ஓரத்துல, கடலுக்கு மேல 250 மீட்டர் ஒசரத்துல செங்குத்தா நிக்குற பாறை, அங்கதான் மால்டாவோட உச்சியும் இருக்கு, நீங்க லீவு நாள்ல சூரியன் மறையறதப் பாக்கப் போயிருப்பீங்க. ஊர்ல மூவாயிரத்துச் சொச்சம் பேரு. லோக்கல் கவுன்சில்ங்கறதே மால்டால 1993லதான் வந்துச்சு, இந்த சைஸ் ஊருக்கு அஞ்சு கவுன்சிலர், அதுல ஒருத்தர் மேயர், அதுவும் முழுநேர வேலை இல்ல. அவர் அப்படியே யுனிவர்சிட்டில சட்டமும் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கிட்டாரு. அதனால 'பத்தொம்பது வயசுல மேயர்'னு கேட்டா நமக்கு வர்ற பிரமிப்பக் கொஞ்சம் கொறச்சுக்கலாம். தெருவிளக்கு, ஃபுட்பாத், விளையாட்டு மைதானம், திருவிழாவுக்குத் தெருவ அடைக்கறது, இதான் அந்த வேலை. ஆனா பிரமிப்பக் கொறச்சுட்டு இன்னொண்ணக் கவனிக்கணும். எட்டு வருஷம் அங்க இருந்தாரு. எட்டு வருஷம் ஒவ்வொரு வீட்டுக் கதவும் தெரிஞ்ச ஒருத்தர், அந்த ஊர் இருக்கற ஏழாவது தொகுதில நிக்கும்போது, கட்சித் தலைமையப் பாத்து எம்பி சீட்டு குடுங்கன்னு கெஞ்ச வேண்டிய அவசியமே இல்ல. ஓட்டு அவர் கையில இருக்கு. இதுதான் அந்த முறையோட அழகு, நான் ஒத்துக்கறேன். மேலேர்ந்து யாரும் இறக்கிவிட வேணாம், கீழேர்ந்தே ஏறலாம், வயசு ஒரு பொருட்டே இல்ல.

அதுக்குன்னு மால்டால வாரிசே இல்லன்னு நெனச்சுடாதீங்க. இப்ப பிரதமரா இருக்கற ராபர்ட் அபேலாவோட அப்பா ஜார்ஜ் அபேலா அந்த நாட்டு ஜனாதிபதியா இருந்தவரு. குடும்பப் பேரு அங்கயும் எடுபடும். ஆனா குடும்பப் பேரு மட்டும் வெச்சுக்கிட்டு ஒண்ணாம் நம்பர் வாங்க முடியாது, ஏன்னா பக்கத்துல ஒரு மேயர் கதவத் தட்டிட்டு இருப்பாரு.

நேரமும் அவருக்கு நல்லா அமைஞ்சுது. 2008ல லேபர் கட்சிக்குத் தலைவரா வந்த ஜோசஃப் மஸ்கட்டுக்கே அப்ப 34 வயசு. 2013 தேர்தல்ல மஸ்கட் பிரதமர் ஆனாரு, முப்பத்தஞ்சாயிரம் ஓட்டு வித்தியாசம், அந்த ஊருக்கு அது சுனாமி. அந்த அலையில 27 வயசுல போர்க் பார்லிமென்ட் உள்ள வந்தாரு. அடுத்த வருஷமே, 2014ல, பார்லிமென்டரி செக்ரட்டரி, அதாவது நம்ம ஊர் இணையமைச்சர் மாதிரி. பொறுப்பு என்னன்னா ஐரோப்பிய யூனியன் நிதியும், 2017ல மால்டா தலைமை ஏத்துக்க வேண்டியிருந்த ஐரோப்பிய யூனியன் கவுன்சில் வேலைகளும். கேக்க போரடிக்கிற துறை மாதிரி இருக்கும், ஆனா எந்த ஊருக்கு எந்தத் திட்டத்துக்கு பிரஸ்ஸல்ஸ் காசு வருதுங்கறது உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். 28 வயசுல இது கெடச்சா ஒருத்தர் கத்துக்கறது கொஞ்சநஞ்சமில்ல.

2017 ஜூன்ல, மஸ்கட் ஒரு வருஷம் முன்னாடியே தேர்தல வெச்சு மறுபடி ஜெயிச்சப்ப, போர்க் போக்குவரத்து, உள்கட்டமைப்பு மந்திரி. இங்கதான் உங்க நண்பர் ஒருத்தர் கை தட்டறதும் இன்னொருத்தர் முகம் திருப்பறதும் ஆரம்பிக்குது.

மால்டா ரோடு எப்படி இருந்துச்சுன்னு பழைய ஆளுங்களக் கேளுங்க. 'ஏழு வருஷத்துல 70 கோடி யூரோ செலவு பண்ணி எல்லா ரோட்டையும் சரி பண்றோம்'னு லேபர் வாக்குறுதி குடுத்துச்சு. அதுக்குன்னே 2018ல இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மால்டான்னு ஒரு ஏஜென்சி ஆரம்பிச்சாங்க. மார்சால ஏழு ஃப்ளைஓவர், அத்தார்டு பக்கம் சென்ட்ரல் லிங்க்னு ஒரு பெரிய ரோடு, சந்து பொந்தெல்லாம் தார். வேலை நடந்துச்சு, அத மறுக்க முடியாது. ராத்திரி மெஷின் சத்தம், காலையில புது ரோடு, அதப் பாத்த ஜனங்களுக்கு இந்தாளு சொன்னதச் செய்யறாருன்னு தோணத்தான் செய்யும். ஆனா சென்ட்ரல் லிங்க்குக்காக நூத்துக்கணக்குல மரத்தப் புடுங்கினாங்க, விவசாய நிலம் போச்சு, 2019ல தெருவுல பெரிய போராட்டம். நாலு லட்சத்துக்கு மேல வண்டி ஓடற 316 சதுர கிலோமீட்டர்ல ரோட்ட அகலப்படுத்தினா என்ன ஆகும்? இன்னும் நாலு பேரு கார் எடுத்துட்டு வருவான். நீங்க பஸ்ல நிக்குறீங்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா. என் கருத்துல அவரோட அரசியல் வாழ்க்கையில பெரிய தோல்வி இதுதான், ஊழல் குற்றச்சாட்டச் சொல்லல, ரோடு போட்டா டிராஃபிக் கொறையும்னு ஒரு மந்திரி நம்பினது, இல்ல நம்பற மாதிரி நடந்துக்கிட்டது. சைக்கிள், ட்ராம், பஸ் லேன்னு அப்பவே கத்தினாங்க, கேக்க ஆளில்ல. காரணம் சிம்பிள், புது தார் போட்ட தெருவுல இருக்கறவன் ஒண்ணாம் நம்பர் போடுவான், பஸ் லேனுக்கு யாரும் போட மாட்டான்.

இதுல என்ன வேடிக்கைன்னா அவரோட சொந்த டிங்லியிலயே சண்டை வந்துச்சு. 2020 அக்டோபர்ல வயல் நடுவுல ரோடு போடறேன்னு அந்த ஏஜென்சி வந்து எறங்குது, பக்கத்துல சாந்தா டுமின்கான்னு ரொம்பப் பழைய ஒரு சேப்பல், வயசான காரப் மரங்க. மூவிமென்ட் கிராஃபிட்டிங்கற போராட்ட அமைப்போட ஆளுங்களும், விவசாயிங்களும், ஊர்க்காரங்களும் எதுத்து நின்னாங்க. பத்தொம்பது வயசுல அந்த ஊர் தெருவிளக்கப் பாத்துக்கிட்ட பையன், மந்திரியானப்புறம் அதே ஊர் மண்ணுல 'உங்க ரோடு எங்களுக்கு வேணாம்'னு கேக்க வேண்டியதா போச்சு. ஆனா ஓட்டு? 2022ல மறுபடி ஜெயிச்சாரு. எதுத்து நின்னவங்க சத்தம் பேப்பர்ல வரும், மத்தவங்க நம்பர் பெட்டியில விழும்.

அப்புறம் டிரைவிங் லைசென்ஸ் விவகாரம். உங்க ரெண்டாவது நண்பர் முகத்தத் திருப்பறது அனேகமா இதனாலதான் இருக்கும். 2023ல டைம்ஸ் ஆஃப் மால்டா ஒரு கட்டு வாட்ஸாப் சாட்ட வெளிய விட்டுச்சு. டிரைவிங் டெஸ்ட் பாத்துக்கிட்ட அதிகாரிக்கு மந்திரி ஆபீஸ்கள்லேர்ந்து, போர்க் ஆபீஸும் சேத்துத்தான், இன்னாருக்கு டெஸ்ட் இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு பேர் பேரா போயிருக்கு. ட்ரான்ஸ்போர்ட் மால்டாங்கற போக்குவரத்து ஏஜென்சி அதிகாரிங்க மேல கேஸ் நடந்துச்சு. போர்க் தப்பு எதுவும் செய்யலன்னாரு. பிரதமர் அபேலாவும், உதவின்னு வர்ற ஜனங்களுக்கு உதவறதுதானே அரசியல்வாதி வேலைங்கற மாதிரிப் பேசி அவர விட்டுக் குடுக்கல. படிச்சப்ப எனக்கு அதிர்ச்சியா இல்ல, அவங்க கூச்சமே படலங்கறதுதான் ஆச்சரியமா இருந்துச்சு. மந்திரி ஆபீஸ்ல 'கஸ்டமர் கேர்'னே ஒரு பிரிவு இருக்குற நாடு அது, பேங்க் மாதிரி! ஓட்டர் போன் பண்ணுவாரு, இவங்க குறிச்சுக்குவாங்க, முடிச்சுக் குடுப்பாங்க. லைசென்ஸுக்குத் தகுதி இல்லாத ஒருத்தன் ரோட்டுக்கு வந்தா யாரோ சாவாங்கங்கற கணக்கு அந்த லிஸ்ட்ல எங்கயும் வராது.

அதனால உங்க முதல் கேள்விக்கு என் பதில் இதான். நல்ல சிஸ்டமான்னு கேட்டா, பத்தொம்பது வயசுப் பையன மேல ஏத்திவிட்ட அதே படிக்கட்டுலதான் அந்த லைசென்ஸ் லிஸ்ட்டும் ஏறி வந்துச்சு. தெருத்தெருவா ஆள் தெரிஞ்சாத்தான் ஜெயிக்க முடியும்னா, தெரிஞ்ச ஆளுக்குச் செய்யறதுதான் அரசியல் ஆயிடும். ஒண்ண வெச்சுக்கிட்டு இன்னொண்ண வெட்டி எறியலாமான்னா, அயர்லாந்துலயும் இதே முறைதான், அங்கயும் எம்பிங்க தொகுதி ஆளுங்களோட சில்லறை வேலைய முடிச்சுக் குடுக்கறதுலயே பாதி நேரம் போகுதுன்னு புலம்பறாங்க. உங்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். அந்த ஊர்ல ஸ்கூட்டர்ல சாப்பாடு கொண்டுபோறவங்க, கட்டடம் கட்டறவங்க, ஆஸ்பத்திரில நர்ஸா நிக்கறவங்க, உங்கள மாதிரி கிச்சன்ல நிக்கறவங்க, இதுல இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ்னு எவ்ளோ பேரு. பார்லிமென்ட் தேர்தல்ல ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது. கஸ்டமர் கேர் போன் நம்பர் உங்களுக்கு எதுக்கு உதவும்? உங்க பர்மிட் லேட்டானா நீங்க க்யூலதான் நிக்கணும்.

ரெண்டாவது கேள்வி, வெளியுறவு. ஓரங்கட்டினதுன்னு நான் நெனைக்கல. 2017 அக்டோபர்ல பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியாவ கார்ல குண்டு வெச்சுக் கொன்னதுலேர்ந்து மால்டா பேரு உலகத்துல கெட்டுப் போயிருந்துச்சு, அந்தக் கொலை விசாரணை பிரதமர் ஆபீஸ் வரைக்கும் வந்து 2020 ஜனவரில மஸ்கட் பதவிய விட்டே போனாரு. அப்ப 2022ல வெளியுறவுங்கறது கை குலுக்கற வேலை மட்டும் இல்ல, ஊர் பேர மீட்கற வேலை. அதோட, ரோடு மந்திரின்னா தினமும் ஒரு புது எதிரி கெடைப்பான், வெளியுறவுல அந்தத் தூசி கிடையாது. அவருக்கு அது நல்லதுக்குத்தான் போச்சு.

வேலையும் சும்மா வரல. 2023, 2024 ரெண்டு வருஷம் மால்டா ஐநா பாதுகாப்பு கவுன்சில்ல உறுப்பினர். காசாவுல சண்டைய இடையிடையே நிறுத்தி உதவிப் பொருள விடணும்னு 2023 நவம்பர்ல கவுன்சில்ல ஒரு தீர்மானம் நிறைவேறுச்சே, 2712ஆம் தீர்மானம், அத எழுதிக் கொண்டுவந்தது மால்டாதான். அதுக்கு முன்னாடி நாலு வரைவு விழுந்துருந்துச்சு. 12 பேர் ஆதரவு, அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூணு பேரும் ஓட்டுப் போடாம ஒதுங்கினாங்க. உக்காந்து எழுதினது நியூயார்க்ல இருந்த தூதர் வனெசா ஃப்ரேசியரும் அவரோட ஆளுங்களும், பேரு மந்திரிக்கும் சேந்து கெடச்சுது, அது எங்கயும் அப்படித்தான்.

2024ல இன்னொண்ணு. ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்புன்னு 57 நாடு சேந்த ஒரு அமைப்பு, அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரே மேஜைல உக்கார்ற இடம். தலைமைக்கு எஸ்டோனியா நின்னுச்சு, ரஷ்யா முடியாதுன்னுடுச்சு, அங்க எல்லாரும் சம்மதிச்சாத்தான் எதுவும் நடக்கும். கடைசி நேரத்துல, யாருக்கும் பகை இல்லாத ஆளா பாத்து மால்டாவப் புடிச்சாங்க. அரசியல் சட்டத்துலயே நடுநிலைன்னு எழுதி வெச்சுருக்கற நாடு, 1989 டிசம்பர்ல அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பசேவும் வந்து பேசினதும் அங்கதான். அப்படி 38 வயசுல போர்க் அந்த 57 நாட்டு அமைப்புக்குத் தலைவர். அந்த வருஷம் டிசம்பர்ல மால்டால இருக்கற தகாலில மந்திரிங்க மாநாடு, அப்ப அமெரிக்க வெளியுறவு மந்திரியா இருந்த பிளிங்கன் வந்தாரு, ரஷ்ய வெளியுறவு மந்திரி லாவ்ரோவும் வந்தாரு. உக்ரைன் போர் ஆரம்பிச்சதுக்கப்புறம் லாவ்ரோவ் ஒரு ஐரோப்பிய யூனியன் நாட்டுக்குள்ள கால் வெச்சது அதுதான் முதல் தடவை. அவரோட செய்தித் தொடர்பாளர் ஜகரோவாவுக்கு மட்டும் குடுத்த விசாவ திருப்பி வாங்கிக்கிட்டாங்க, அது ஒரு தனிக் கூத்து. லாவ்ரோவக் கூப்பிட்டது தப்புன்னு சொன்னவங்க உண்டு. எனக்கென்னமோ அது சரியான முடிவாத்தான் படுது, காலியா கெடந்த அந்த அமைப்போட செக்ரட்டரி ஜெனரல் பதவிக்கு அந்த மாநாட்டுலதான் ஆள் போட முடிஞ்சுது, ரஷ்யா இல்லாம அது நடந்துருக்காது. வீட்டு வாசல்ல நின்னு ரெண்டு பக்கத்தையும் சமாளிச்சுப் பழகினவருக்கு அந்த மேஜை ஒண்ணும் புதுசா இருந்துருக்காது.

நடுவுலயே துணைப் பிரதமர் பதவி. அதுவும் காலியா வந்த இடம்தான். ஆஸ்பத்திரிங்கள தனியாருக்குக் குடுத்த விவகாரத்துல தன் மேல கேஸ் போட்டதால அதுவரைக்கும் துணைப் பிரதமரா இருந்த கிறிஸ் ஃபியர்ன் 2024 மே மாசம் விலகினாரு, செப்டம்பர்ல போர்க் கட்சியோட துணைத் தலைவரா வந்து அப்படியே துணைப் பிரதமரும் ஆனாரு. இதுல இளமை சாதிச்சதுன்னு சொல்றதவிட, முன்னாடி வரிசையில நின்னவங்க ஒவ்வொருத்தரா விழுந்ததும், இவர் விழாம நின்னதும்னு சொன்னா சரியா இருக்கும். மஸ்கட் போனாரு, ஃபியர்ன் போனாரு, லைசென்ஸ் விவகாரத்துலயும் இவர் நின்னுட்டாரு. ஏன் நின்னாருன்னா, மறுபடி மேல போய் ஏழாவது தொகுதியப் படிச்சுக்கோங்க.

கடைசியா உங்க ஓனர் கிட்ட சொல்லுங்க, 2019ல பார்லிமென்ட்ல ரெண்டு கட்சியும் சேந்தே கோசோ சுரங்கத்துக்குத் தலையாட்டினாங்க, போர்க் மந்திரியா இருந்தப்ப அத ரொம்பத் தூக்கிப் பிடிச்சாரு. பதிமூணு கிலோமீட்டர்னு பேச்சு. அதுக்கப்புறம் 2021ல தலைநகர் வலெட்டாலேர்ந்து கோசோவுக்கு முக்கால் மணி நேரத்துல போற வேகப் படகு வந்துருச்சு, சிர்கெவ்வா துறைமுகத்துலேர்ந்து இருபத்தஞ்சு நிமிஷத்துல போற பழைய ஃபெர்ரியும் ஓடிட்டுத்தான் இருக்கு, சுரங்கம் மட்டும் இன்னும் பேப்பர்லதான். கோசோ பதிமூணாவது தொகுதி, அங்கயும் அஞ்சு சீட்டு இருக்கு, அதனால அடுத்தடுத்த தேர்தல்லயும் அத வெட்டப் போறதா யாராவது சொல்லிட்டேதான் இருப்பாங்க. நீங்க லீவு போட்டு கோசோ போறதா இருந்தா ஃபெர்ரியிலயே போயிட்டு வாங்க.

அன்புடன்.